வெயிலுக்குப் பின்னால் ஒளியும் நோய்

சித்திரை பிறந்துவிட்டால் "வெயில்ல சோறே எறங்கல" என்று சொல்லாத வீடு நம் ஊர்களில் இல்லை. நீராகாரம், மோர், ஒரு கீற்று தர்பூசணி என்று பகலை ஓட்டிவிடுகிறோம். அதனாலேயே, வீட்டில் ஒரு பிள்ளை தட்டைத் தள்ளிவைத்தால் யாருக்கும் அது உறுத்துவதில்லை. பள்ளி விடுமுறை என்பதால், டிபன் பாக்ஸ் காலியாக வருகிறதா, கட்டியது கட்டியபடி திரும்பி வருகிறதா என்று பார்க்கவும் வழியில்லை. காலையில் "இப்பதான் காபி குடிச்சேன்", மதியம் "தூக்கம் வருது", இரவு "ஃப்ரெண்ட் வீட்ல சாப்பிட்டுட்டேன்" என்று மூன்று வாக்கியங்களில் ஒரு நாளைக் கடத்திவிடலாம். இப்படியே நாற்பது நாட்கள். ஜூன் மாதம் சீருடையை எடுத்து மாட்டும்போது அது உடம்பில் நிற்காமல் தொங்கும். அப்போதுதான் வீடு திடுக்கிடும்.

கடந்த கோடை விடுமுறையில், உண்ணல் கோளாறில் சிக்கிய இளையோருக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் துணை நிற்கும் ஒரு சிறிய தொண்டு அமைப்புக்குத் தமிழில் எழுதித்தரும் பணியில் நானும் சேர்ந்துகொண்டேன். விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கும் இரண்டு பேர், உளவியல் படிக்கும் ஒரு மாணவி, நான். பெற்றோருக்கு ஒரு துண்டறிக்கை, தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு கடிதம், கைப்பேசியில் பார்க்கும்படி சில ஒரு நிமிடக் காணொலிகள், இவ்வளவுதான் கேட்டிருந்தார்கள். பத்து நாளில் முடிந்துவிடும் என்று நினைத்துப் போனோம். முதல் வாரம் முழுக்க நோயின் பெயரிலேயே கழிந்தது.

ஆங்கில மருத்துவத்தில் அனோரெக்ஸியா நெர்வோசா என்கிறார்கள். லண்டன் மருத்துவர் வில்லியம் கல் 1870களில் நிலைநிறுத்திய பெயர் அது. அதன் கிரேக்க மூலச்சொல்லுக்குப் பசியின்மை என்று பொருள். தமிழிலும் அப்படியே 'பசியின்மை' என்று எழுதிவிடலாம்தான். ஆனால் இந்த நோயில் விழுந்த பிள்ளைக்குப் பசி இருக்கிறது. பசித்துக்கொண்டே இருக்கிறது. அந்தப் பசியை அமுக்கிவைப்பதே அவளுடைய முழுநேர வேலையாகிவிடுகிறது. பசியின்மை என்று அச்சடித்துக் கொடுத்தால், படிக்கிற அம்மா பசியைத் தூண்ட இஞ்சிச் சாறு பிழிவார், மருந்துக் கடையில் டானிக் வாங்குவார், மாதங்கள் ஓடிவிடும். 'உணவுக் கோளாறு' என்று எழுதிக் காட்டினோம். எதிர்வீட்டுப் பெரியவர், "கெட்டுப்போன சாப்பாட்டைச் சொல்றீங்களா?" என்று கேட்டார்.

அள்ளி அள்ளித் தின்றுவிட்டு, பிறகு குற்ற உணர்வில் துடித்து, தின்றதை எப்படியாவது வெளியேற்றப் பார்க்கும் புலிமியா என்ற நோயை 1979இல் மனநல மருத்துவர் ஜெரால்டு ரஸ்ஸல் தனியாக அடையாளம் காட்டினார். அதற்கு 'யானைத்தீ' என்று பெயர் வைக்கலாமே என்றாள் உளவியல் மாணவி. மணிமேகலையில் காயசண்டிகைக்கு வரும் தீராப் பசிநோயின் பெயர் அது. எனக்கும் அந்தச் சொல் மிகவும் பிடித்திருந்தது. ஆனால் காப்பியத்தில் அது முனிவர் சாபத்தால் வருவது. ஏற்கெனவே "நான் என்ன பாவம் பண்ணினேனோ" என்று அழுதுகொண்டு வரும் தாயின் கையில் சாபத்தின் பெயரை நாமும் கொடுக்கக் கூடாது என்று கைவிட்டோம்.

கடைசியில் வழி காட்டியது ஓர் அம்மா. மகளுடைய சிகிச்சைக்காக அங்கே வந்துபோகிறவர். எங்கள் வரைவைப் படித்துவிட்டு, "இதெல்லாம் சரிங்க. ஆனா நாங்க இதைப் பிடிவாதம்னுதான் நெனச்சோம். ரெண்டு தடவை கை நீட்டிட்டேன்" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. துண்டறிக்கையின் தலைப்பை அன்று மாலையே மாற்றினோம்: 'பிள்ளை சாப்பிட மறுப்பது பிடிவாதம் என்று நினைக்கிறீர்களா?' நோயின் பெயரை அதற்குக் கீழே, 'உண்ணல் கோளாறு: சாப்பாடே பயமாக மாறும் நோய்' என்று போட்டோம்.

சொல்லைப் பற்றி இவ்வளவு நீளமாகச் சொல்லக் காரணம் உண்டு. இந்த நோய் ஊருக்கு ஊர் வேறு சொற்களைப் போர்த்திக்கொண்டு வருகிறது. ஹாங்காங்கில் மனநல மருத்துவர் சிங் லீ தம்மிடம் வந்த பெண்களைக் கவனித்தபோது, அவர்களில் பலர் "குண்டாகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது" என்று சொல்லவில்லை; "வயிறு உப்பிசமாக இருக்கிறது" என்றார்கள். நம் பிள்ளைகளும் "வயிறு உப்புது", "கேஸ் மாதிரி இருக்கு" என்றுதான் தொடங்குகிறார்கள். எனவே முதலில் வயிற்று மருத்துவரிடம் போகிறார்கள். ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் சரியாக இருக்கும். மாதவிலக்கு நின்றதும் மகப்பேறு மருத்துவர். முடி கொட்டினால் தோல் மருத்துவர். ஒவ்வொருவரும் ஒரு துண்டைப் பார்த்து மருந்து எழுதுகிறார்கள். நான்கு சீட்டுகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஆள் இல்லை. மனநல மருத்துவரிடம் வந்து சேரும்போது பெரும்பாலும் ஓராண்டு கடந்திருக்கும் என்று அமைப்பின் ஆலோசகர் சொன்னார்.

விரதமும் நம் கண்ணை மறைக்கிறது. சஷ்டி, கிருத்திகை, ஏகாதசி, ரமலான், தவக்காலம் என்று எல்லாச் சமயத்தாரும் நோன்பை மதிக்கிறோம், மதிக்கவும் வேண்டும். மேல்நாட்டுக் கேள்வித்தாளை மொழிபெயர்த்து வட இந்தியப் பள்ளி மாணவிகளிடம் மைக்கேல் கிங்கும் தினேஷ் புக்ராவும் ஆய்வு செய்து 1989இல் எழுதினார்கள். உணவுக் கட்டுப்பாடு, விரதம் பற்றிய கேள்விகளுக்கு அந்த மாணவிகள் தங்கள் வீட்டு வழக்கப்படியே பதில் சொல்லியிருந்தார்கள். எது நோன்பு, எது நோய் என்று கேள்வித்தாளால் பிரித்தறிய முடியவில்லை. வீட்டாரால் முடியும். நோன்பு ஒரு நாள் முடிகிறது. நோன்பு முடித்தவர் பசியோடு உட்கார்ந்து மகிழ்ச்சியாகச் சாப்பிடுகிறார். மற்றது முடிவதில்லை, முடிக்கச் சொன்னால் அந்த முகத்தில் பயம் தெரியும்.

எங்கள் காணொலி ஒன்றில் ஒரேயொரு காட்சிதான் வைத்தோம். மே மாத நண்பகல். ஊரே விசிறிக்கொண்டிருக்கிறது. வீட்டில் ஒரு பெண் ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்கிறாள். உடலில் கொழுப்பு கரைந்து, வெப்பத்தை உண்டாக்கும் சக்தி குறையும்போது கடும் வெயிலிலும் குளிரும். கையில் மெல்லிய பூனைமுடி படரும். நாடித்துடிப்பு மெதுவாகும். மயக்கம் வரும். வாந்தியால் பொட்டாசியம் குறைந்தால் இதயத்துடிப்பே தாறுமாறாகும். வியர்வையில் உப்பும் நீரும் வேறு போகும் கோடைக்காலத்தில் இது இன்னும் ஆபத்து. மனநோய்களிலேயே உயிரிழப்பு மிகுந்தவற்றில் அனோரெக்ஸியா ஒன்று. அப்படி இறப்பவர்களில் ஐந்தில் ஒருவர் தற்கொலையால் இறக்கிறார் என்று 2011இல் வெளியான தொகுப்பாய்வு சொல்கிறது. "வயசுப் பொண்ணு, ரெண்டு மாசத்துல சரியாயிடும்" என்று சொல்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பட்டினி உடலை மட்டும் மாற்றுவதில்லை, புத்தியையும் மாற்றுகிறது. இரண்டாம் உலகப்போரின் முடிவில், 1944-45இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, பட்டினியால் வாடும் மக்களுக்கு உதவும் அறிவு கிடைக்கட்டும் என்று தாமாக முன்வந்தவர்கள் அவர்கள். உடலும் மனமும் நல்ல நிலையில் இருந்தவர்கள். 24 வாரங்கள் அரைப்பட்டினி. சில வாரங்களிலேயே சாப்பாட்டைத் தவிர வேறு நினைவு இல்லாமல் போயிற்று. சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள். தட்டில் இருந்ததை மணிக்கணக்காகக் கிண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எரிச்சல், சோர்வு, நண்பர்களைத் தவிர்ப்பது, சிலருக்குக் கட்டுமீறித் தின்னும் ஆவேசம் என்று எல்லாம் வந்தன. மகள் கைப்பேசியில் சமையல் காணொலிகளையே பார்க்கிறாள், வீட்டில் எல்லோருக்கும் கேக் செய்து தருகிறாள், தான் மட்டும் ஒரு வாய் தொடுவதில்லை என்று குழம்பும் தாய்மார்களுக்கு இந்தச் சோதனை பதில் சொல்கிறது. அவள் உங்களை ஏமாற்றவில்லை. பட்டினி அவளை அப்படி நடத்துகிறது.

இனி எங்கள் பணியில் நேர்ந்த ஒரு சறுக்கல். விஸ்காம் மாணவர் ஒருவர் நல்ல உழைப்பாளி. முதல் நாளே ஒரு போஸ்டர் செய்து கொண்டுவந்தார்: எலும்பும் தோலுமாக ஒரு பெண் கண்ணாடி முன் நிற்கிறாள், பக்கத்தில் அவள் எடை எண்ணாகப் பெரிதாக எழுதியிருந்தது. பார்த்ததும் நெஞ்சைப் பிசைந்தது. நானே நன்றாக இருக்கிறது என்றேன். ஆலோசகர் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டார். "இதைப் பார்த்து நீங்க பயப்படுவீங்க. நோயில இருக்கிற பொண்ணு இதை இலக்கா வெச்சுக்குவா. அந்த நம்பரை விட ஒண்ணு குறையணும்னு நெனப்பா" என்றார்.

எடை, கலோரி, எலும்பு தெரியும் படம், மெலிந்த வழிமுறை இவை எதுவும் வேண்டாம் என்பது இத்துறையில் உலகெங்கும் பலர் ஏற்றுக்கொண்ட கட்டுப்பாடு. அனுபவத்தில் பிறந்தது அது. அமெரிக்கக் கல்லூரி ஒன்றில், நோயிலிருந்து மீண்ட மாணவிகளை அழைத்துவந்து முதலாண்டு மாணவிகளிடம் தம் கதையைப் பேசவைத்தார்கள். பேச்சைக் கேட்டவர்களிடம், கேட்காதவர்களைவிடப் பிறகு அறிகுறிகள் சற்றுக் கூடியே இருந்தன என்று 1997இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். நல்லெண்ணம் போதாது என்பதற்கு இன்னும் அண்மைய சான்று உண்டு. அமெரிக்காவின் தேசிய உண்ணல் கோளாறுகள் சங்கம் இருபதாண்டுகளுக்கு மேல் நடத்திவந்த உதவித் தொலைபேசியை 2023இல் மூட முடிவெடுத்தது. அந்தச் சமயத்திலேயே அதன் 'டெஸ்ஸா' என்ற உரையாடல் மென்பொருள், உதவி கேட்டு வந்தவர்களுக்கு உடல் எடையைக் குறைக்கும் ஆலோசனை சொன்னது தெரியவந்தது. சங்கம் அதை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. எதிர்முனையில் ஒரு மனிதக் குரல் இருக்க வேண்டிய இடம் இது. இந்தக் கட்டுரையிலும் எந்த எடையையும் நான் எழுதவில்லை; படிக்கிறவர்களில் அந்தப் பிள்ளையும் இருக்கலாம்.

அந்தப் போஸ்டரைக் கைவிட்டுவிட்டு மாலை பஸ்ஸில் வீடு திரும்பும்போது வழிநெடுகப் பார்த்தேன். மின்கம்பத்தில் 'ஒரே மாதத்தில் எடை குறைய' என்ற நோட்டீஸ். உடற்பயிற்சிக் கூடத்தின் வாசலில் 'முன்பு, பின்பு' படங்கள். கையில் இருந்த வார இதழின் கோடைச் சிறப்பிதழில் தொப்பை குறைப்பு அட்டவணை. நாங்கள் நாலு பேர் ஒரு அறையில் உட்கார்ந்து சொல் சொல்லாகத் தேர்ந்தெடுத்து எழுதுகிறோம். ஊரோ பகலும் இரவும் வேறு செய்தியை உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பருமனைக் குணப்படுத்தும் மருந்து என்று விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டத்தின்படி தடைசெய்யப்பட்டது. அந்தச் சட்டத்தின் அட்டவணையில் உடற்பருமன் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. எழுபதாண்டுகளாகச் சட்டம் இருக்கிறது, நோட்டீஸும் இருக்கிறது.

திரையின் வலிமையைப் பசிபிக் தீவு நாடான பிஜி காட்டிக்கொடுத்தது. அங்கே மரபாக உருண்டு திரண்ட உடல்தான் அழகு, ஆரோக்கியம். மெலிந்தால் "என்ன துக்கமோ" என்று ஊர் கவலைப்படும். நட்ரோகா பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. வந்த சில வாரங்களில் ஆய்வாளர் ஆன் பெக்கர் பள்ளி மாணவிகளிடம் ஆய்வு செய்தார். எடை குறைக்க வாந்தி எடுத்ததாக ஒருவரும் சொல்லவில்லை. மூன்றாண்டு கழித்து, 1998இல், 11.3 விழுக்காட்டினர் சொன்னார்கள். அன்றைக்கு வீட்டுக்கு ஒரு பெட்டி. அதுவும் பல வீடுகளில் இல்லை. இன்று ஒவ்வொரு பிள்ளையின் உள்ளங்கையிலும் ஒரு திரை. பதின்ம வயதுப் பெண்களில் மூவரில் ஒருவருக்கு உடலைப் பற்றிய கவலையை இன்ஸ்டாகிராம் மோசமாக்குகிறது என்று அந்த நிறுவனத்தின் உள்ளாய்வே கண்டிருந்தது. 2021இல் அது வெளியே கசிந்தது.

நம் பக்கத்திலும் விலை கொடுத்துவிட்டோம். 2025இல் கேரளத்தில் ஓர் இளம்பெண்ணும் தமிழ்நாட்டில் ஒரு மாணவனும் இணையத்தில் பார்த்த உணவுமுறையைப் பின்பற்றி உயிரிழந்ததாகச் செய்திகள் வந்தன. இரண்டாவது செய்தியை அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் ஆண் பிள்ளைகளை இந்தப் பேச்சில் மறந்துவிடுகிறோம். சிக்ஸ் பேக், புரத மாவு, 'கட்டிங்' என்ற பெயரில் சோற்றை விலக்குவது எல்லாம் வீட்டில் ஒழுக்கமாகத் தெரிகின்றன, பாராட்டும் கிடைக்கிறது. பணக்கார வீட்டு நோய், மேல்நாட்டு நோய் என்று ஒதுக்குவதும் சரியல்ல. சென்னை மனநல மருத்துவர்கள் மருத்துவ மாணவர்களிடையே உணவு சார்ந்த மனத்துயரைக் கண்டு 1998லேயே எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் விளம்பரத்தையும் திரையையும் மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நாம் நழுவ முடியாது. வைகாசி முகூர்த்தத்தில் பந்தி வாசலில் அத்தை, பெரியம்மா, சித்தப்பா என்று நாம்தான் நிற்கிறோம். "என்னடி, இப்படிப் பெருத்துட்ட?" "ப்ளஸ் டூ முடிச்சதும் பூசினாப்புல ஆயிட்டா." "மாப்பிள்ளை பாக்கணும்ல, கொஞ்சம் வாயைக் கட்டு." இரண்டு மாதம் கழித்து அதே வாய், "அட, எளைச்சு லட்சணமா இருக்கியே, என்ன பண்ணின?" என்று கேட்கும். சொன்னவர் மறந்துவிடுவார். அமைப்புக்கு வந்த பிள்ளைகளில் பலருக்கு அந்த வாக்கியம் சொன்ன நாள், சொன்ன இடம், அன்று உடுத்தியிருந்த உடை எல்லாம் நினைவிருந்தன. பாசத்தில் சொன்னதுதான். பாசத்தில் சொன்னதாலேயே ஆழமாக இறங்குகிறது. உறவினர் ஒருவரின் வாயிலிருந்து வரும் ஒரு வரிக்கு எங்கள் துண்டறிக்கை முழுவதும் ஈடாகாது. அந்த வகையில் பார்த்தால், செய்தித் தொடர்புப் பணியை அந்த அமைப்பு தனியாகச் செய்யவில்லை. நாம் எல்லோரும் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறோம், தவறாக.

எனவே பொறுப்பையும் பகிர்ந்துகொள்வோம். பள்ளியில் உடல்நலப் பரிசோதனையன்று எடையை வகுப்பே கேட்கும்படி படித்துப் பதிவேட்டில் ஏற்றும் பழக்கத்தை ஒரு தலைமை ஆசிரியர் நினைத்தால் நாளைக்கே நிறுத்தலாம். திரை போட்டு, பிள்ளைக்கு முதுகைக் காட்டி எடை பார்க்கலாம். மாதவிலக்கு நின்ற, எடை இறங்கிய பிள்ளை வந்தால், குடும்ப மருத்துவர் வீட்டாரை வெளியே உட்காரவைத்துவிட்டு, "சாப்பிடப் பயமா இருக்காம்மா?" என்று ஒரு கேள்வி கேட்கலாம். இதழாசிரியர்களும் காட்சி ஊடகத்தாரும் கிலோக் கணக்குப் போட்ட தலைப்புகளை விட்டுவிடலாம். விளம்பர வருவாய் குறையும் என்பது உண்மை, அதைத் தாங்க முன்வர வேண்டும் என்பதே என் வேண்டுகோள். பிரான்சில் 2017 முதல், விளம்பரத்தில் உடலைத் திருத்திய படம் என்றால் அதைச் சொல்லியாக வேண்டும். நார்வேயிலும் 2022இல் அப்படி ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. நம்மிடம் புதுச் சட்டம் வரும்வரை, இருக்கும் 1954 சட்டத்தையாவது அதிகாரிகள் கையில் எடுக்கட்டும். உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தரவேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது; நீண்ட நாள் சிகிச்சை தேவைப்படும் இந்த நோயில் குடும்பங்கள் அதைக் கேட்டு வாங்க யாராவது துணைக்குப் போக வேண்டும்.

பெற்றோரிடம் தனியாக ஒரு சொல். இது உங்கள் வளர்ப்பின் குற்றம் அல்ல. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான குடும்பவழிச் சிகிச்சை, பெற்றோரை நோய்க்குக் காரணமாகப் பார்ப்பதில்லை, மருந்தாகப் பார்க்கிறது. ஒவ்வொரு வேளையும் என்ன, எவ்வளவு என்று முடிவெடுக்கும் பொறுப்பைச் சில காலம் பெற்றோர் ஏற்று, பிள்ளையோடு உட்கார்ந்து, கோபமும் பேரமும் இல்லாமல் சாப்பிடவைப்பது அதன் அடிப்படை. ஊட்டி வளர்த்த கைகளுக்கு இது புதிதல்ல. ஆனால் மருத்துவர் துணையோடுதான் தொடங்க வேண்டும். நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும்; இரண்டாம் உலகப்போர் முடிந்து விடுவிக்கப்பட்ட கைதிகளிடம் மருத்துவர்கள் இதைக் கண்டார்கள். நன்றாக மெலிந்துவிட்ட பிள்ளை, மயங்கி விழுந்த பிள்ளை என்றால் முதலில் மருத்துவமனை.

நாங்கள் எழுதிய துண்டறிக்கை நான்கு பக்கம். கோடை முடிந்ததும் மாணவர்கள் கல்லூரிக்குத் திரும்பிவிட்டார்கள். அடுத்த கோடைக்கு வேறு மாணவர்கள் வருவார்கள். அதுவரைக்கும், விடுமுறையில் உங்கள் வீட்டுக்கு வரும் அண்ணன் மகளையும் தங்கை மகனையும் பார்த்ததும் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். தட்டிலிருந்து ஒரு கை பின்வாங்குவது தெரிந்தால் அவர்களுடைய அம்மாவிடமோ அப்பாவிடமோ தனியாகச் சொல்லுங்கள். யாரைக் கேட்பது என்று தெரியவில்லை என்றால் அரசின் டெலி-மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.